இரண்டு மெக்கரும் ஒரு சுவரும்

பதினாறு வருடமாக வீடுகளுக்கு வயரிங் செய்கிறேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று ஒரு மெக்கர் வாங்கியதில்லை. வயரின் மேலுறை பழுதில்லாமல் இருக்கிறதா, மின்சாரம் எங்காவது கசிகிறதா என்று சொல்லும் கருவி அது. பெரிய கட்டிட வேலை வந்தால் வாடகைக்கு எடுப்போம். வீட்டு வேலைக்கு மல்டிமீட்டர் போதும் என்று எங்களுக்குள் ஒரு சமாதானம். மல்டிமீட்டர் ஒன்பது வோல்ட் பேட்டரியை வைத்துக்கொண்டு வயரிடம் மெதுவாக விசாரிக்கும். மெக்கர் ஐந்நூறு வோல்ட்டை அனுப்பி அதட்டிக் கேட்கும். மெதுவாக விசாரித்தால் வயர் உண்மையைச் சொல்லாது என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துகொண்டே இருந்துவிட்டேன்.

வாங்க வைத்தது ஒரு மருந்துக்கடைக்கார அம்மா. கடைக்கு மேலே அவர் கட்டிய வீட்டுக்கு நாங்கள்தான் வயரிங். வேலை முடியும் நேரத்தில், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்.

"தேதி பாக்காம நான் ஒரு மாத்திரை குடுத்ததில்ல. நீங்களும் அளவு பாக்காம எனக்கு லைன் குடுக்காதீங்க. ஒவ்வொரு லைனுக்கும் மெக்கர் வெச்சு, என்ன வருதுன்னு எழுதிக் குடுங்க."

"அதெல்லாம் பக்காவா இருக்கும்மா," என்றான் என் மைத்துனன்.

"பக்கான்னு எழுதிக் குடுத்தா வாங்கிக்க மாட்டேன். நம்பர் வேணும்."

மைத்துனன் என் மனைவியின் தம்பி. என்னைவிட ஏழு வயது இளையவன். ஒன்பது வருடமாக என்னோடுதான் வேலை. வயர் முனை ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி உறை மாட்டாமல் விடமாட்டான். அதனால் கூட்டாளிகள் அவனை ‘ஸ்லீவு’ என்று கூப்பிடுவார்கள். நான் அதற்கெல்லாம் நிற்பதில்லை. முனையை இரண்டு முறுக்கு முறுக்கி, மடக்கி, கறுப்பு டேப் சுற்றினால் முடிந்தது. அவன் பேசிக்கொண்டே வேலை செய்வான். நான் பேசாமல் செய்வேன். சில நாட்களில் காலையிலிருந்து மதியச் சாப்பாடு வரை என் வாயிலிருந்து ஒரு சொல்கூட வந்திருக்காது. அதற்கும் அவன் ஒரு பெயர் வைத்திருந்தான்: "மாமா மெயினை ஆஃப் பண்ணிட்டார்."

சனிக்கிழமை இருவரும் கருவிக் கடைக்குப் போனோம். இரண்டு பேர் தோள் உரசாமல் நிற்க முடியாத கடை. கடைக்காரருக்கு ‘கேரண்டி’ என்று பெயர். எதைக் கேட்டாலும் முதலில் அதற்கு கேரண்டி கிடையாது என்பார். தன் மகன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுக்கும்போதுகூட அப்படிச் சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

"வீட்டு வேலைக்கு ஒரு மெக்கர் வேணும்ணே," என்றேன்.

"அப்போ இத்தனை வருஷம் குருட்டாம்போக்குலதான் போய்க்கிட்டு இருந்தீங்களா?"

இரண்டு கருவிகளை எடுத்து மேசையில் வைத்தார். ஒன்று ஆரஞ்சு நிறம், கனமானது. மைத்துனன் அதைக் கையில் வாங்கியதுமே செங்கல் என்று பெயர் வைத்துவிட்டான். இன்னொன்று நீலம், சட்டைப்பையில் அடங்கும். அது சோப்பு டப்பா.

"செங்கல்ல மூணு அளவு இருக்கு," என்றார் கேரண்டி. அவருக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. "இருநூத்தம்பது, ஐநூறு, ஆயிரம் வோல்ட். வீட்டு லைனுக்கு ஐநூறுதான் சரி. கழட்ட முடியாத சாமான் எதாவது லைன்ல மாட்டியிருந்தா, அது புகையாம இருக்க இருநூத்தம்பதுல வெச்சுப் பாக்கலாம். சோப்பு டப்பாவுல ஐநூறும் ஆயிரமும்தான்."

"வீட்டுல ஆயிரம் எதுக்குண்ணே?"

"கோவம் வந்தா." அவர் சிரிக்கவில்லை. "அப்புறம், லைன்ல தெரியாம கரண்ட் இருந்தா செங்கல் கத்தும், அளக்காது. அளந்து முடிச்சதும் வயர்ல தங்கின கரண்டை அதுவே இறக்கிடும். சோப்பு டப்பா அதெல்லாம் பண்ணாது. நீங்கதான் பாத்துக்கணும்."

"நாங்க பாத்துக்குவோம்ணே," என்றான் மைத்துனன். "ஏணில ஏறும்போது செங்கல்லைத் தூக்கிட்டா ஏறுறது? மாமா, சோப்பு டப்பாவே போதும்."

எனக்கு எதையும் சட்டென்று முடிவு செய்ய வராது. இரண்டையும் மாறி மாறி எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேரண்டி பொறுமை இழந்துவிட்டார்.

"ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை ஒண்ணைக் கொண்டாந்து குடுங்க. பெட்டி கசங்கக் கூடாது. நல்லா இருக்கிற லைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச ஒரு வீட்ல வெச்சுப் பாருங்க. நல்லா இருக்கிறதை நல்லா இருக்குன்னு சொல்ற மெக்கர் போதும். பழுது தன்னால தெரியும்."

"நிச்சயமாத் தெரிஞ்ச வீடுன்னா எங்க வீடுதான்," என்றான் மைத்துனன்.

எங்கள் வீடு என்று அவன் சொன்னது என் வீட்டை. ஆறு வருடத்துக்கு முன்னால் நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்தபோது, அக்காவுக்கு என் கையால்தான் என்று பிடிவாதம் பிடித்து முழு வயரிங்கும் அவனே செய்தான். என்னை ஒரு ஸ்க்ரூகூட முடுக்க விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெயினை இறக்கினோம். மனைவியும் மகளும் அப்போதுதான் குளித்து முடித்திருந்தார்கள். மகளுக்குப் பதினொரு வயது. ஈரத் தலையோடு கூடத்தில் உட்கார்ந்து, நின்றுபோன மின்விசிறியை அண்ணாந்து பார்த்தாள்.

"ரெண்டு எலக்ட்ரீஷியன் இருக்கிற வீட்லதான் ஃபேன் ஓடாது," என்று மனைவி சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள்.

"பத்து நிமிஷம்க்கா. உன் தம்பி வேலை எப்பிடின்னு மிஷினே சர்டிபிகேட் குடுக்கப் போகுது."

போர்டைத் திறக்கவில்லை. மெயினையும் ஒவ்வொரு லைனின் சின்ன சுவிட்சையும் இறக்கிவிட்டு, அந்தந்த அறையின் பிளக் சாக்கெட்டில் லைனுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்து அளந்தோம். முதலில் செங்கல். ஒரு மெகா ஓமுக்கு மேல் இருந்தால் லைன் தேறிவிட்டது என்று பொருள். கூடம், இருநூறுக்கு மேல். படுக்கையறை, இருநூறுக்கு மேல். சமையலறை, இருநூறுக்கு மேல். ஒவ்வொரு முறையும் மைத்துனன் என் முகத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

குளியலறைக் கண்ணாடியில் இன்னும் ஆவி படிந்திருந்தது. சுவர் ஓடுகளில் தண்ணீர் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கி, அந்தச் சாக்கெட்டில் நுனிகளைச் செருகி, பொத்தானை அழுத்தினேன்.

0.01.

விட்டுவிட்டு மறுபடி அழுத்தினேன். 0.01.

மைத்துனன் எட்டிப் பார்த்தான். பிறகு சத்தமாகச் சிரித்தான். "செங்கல் செங்கல்தான் மாமா! குளியலறையைக் கண்டதும் மூஞ்சியைத் தூக்கிடுச்சு பாருங்க."

நானும் சிரித்தேன். அது எவ்வளவு வசதியான சிரிப்பு என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. கருவி கெட்டுப்போயிருக்கிறது, வேறு எதுவாகவும் இருக்க முடியாது.

சோப்பு டப்பாவை எடுப்பதற்குள் மருந்துக்கடைக்கார அம்மாவிடமிருந்து போன் வந்தது. கடையின் ஃப்ரிட்ஜ் பிளக் கருகி வாசம் வருகிறதாம். உள்ளே ஊசி மருந்துகள் இருக்கின்றன. மெயினைப் போட்டுவிட்டு ஓடினோம். அந்த வேலை முடிந்து வீடு திரும்பியபோது மதியம் ஒன்றரை. சாப்பிட்டதும் மறுபடி மெயினை இறக்கி, இந்த முறை சோப்பு டப்பாவோடு சுற்றி வந்தோம். கூடம், படுக்கையறை, சமையலறை மூன்றும் காலையில் போலவே இருநூறுக்கு மேல். குளியலறையும் இருநூறுக்கு மேல்.

"சோப்புக்குத்தானே மாமா குளியலறையைப் பத்தித் தெரியும்," என்றான் மைத்துனன். "செங்கல்லைப் பெட்டில போட்டுக் கட்டுங்க."

பெட்டியைக் கையில் எடுத்தேன். மூட மனம் வரவில்லை. ஒரு கருவி பொய் சொல்கிறது என்றால் அது எல்லா இடத்திலும் பொய் சொல்ல வேண்டும். மூன்று அறையில் சரியாகச் சொன்ன ஒன்று நான்காவது அறையில் மட்டும் ஏன் பொய் சொல்கிறது? என் சாமான் பெட்டியில், எந்தக் கருவியில் வைத்தாலும் சரியாக ஒரு மெகா ஓம் காட்ட வேண்டிய ரெசிஸ்டர் ஒன்று கிடந்தது. தேடி எடுத்து, முதலில் சோப்பு டப்பாவில் வைத்தேன். 1.00. செங்கல்லில் வைத்தேன். 1.00.

மைத்துனன் பேச்சை நிறுத்தினான்.

செங்கல்லை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் அதே சாக்கெட்டில் வைத்தேன். காலையில் 0.01 காட்டிய அதே கருவி இப்போது இருநூறுக்கு மேல் என்றது.

"காலைல புடிச்ச புடி சரியில்ல மாமா. நுனி சாக்கெட்டுக்குள்ள சரியா உக்காந்திருக்காது."

நுனி சரியாகப் படாவிட்டால் அளவு ஏறும். இறங்காது. அது அவனுக்கும் தெரியும். சொல்லிவிட்டு அவனே தரையைப் பார்த்தான். இருவரும் குளியலறை வாசலில் சும்மா நின்றோம். தரை காய்ந்து வெளுத்திருந்தது. சன்னல் வழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

மனைவி துவைத்த துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் வந்தாள். எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேரும் பரீட்சைல பெயிலா?" என்றாள்.

"இந்த லைன் காலைல ஒண்ணு சொல்லுது, மதியம் ஒண்ணு சொல்லுதுக்கா."

"காலைல ஈரமா இருந்துச்சு. இப்ப காஞ்சிருச்சு. காஞ்சா ஒண்ணும் பண்ணாது."

நான் திரும்பினேன். "எது ஒண்ணும் பண்ணாது?"

"அந்தத் துண்டு போடுற கம்பிதான். ஈரக் கையோட தொட்டா சுருக்குன்னு இழுக்கும். காஞ்சிட்டா பேசாம இருக்கும்."

குழம்பில் உப்பு கொஞ்சம் குறைவு என்று சொல்வதுபோல் சொன்னாள்.  

"எப்பருந்து?"

"மழைக்காலத்துல இருந்து."

ஐந்து மாதம்.

"ஏன் சொல்லல?"

"சொன்னேனே." அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "நீங்கதான் மீட்டரை வெச்சுப் பாத்துட்டு ஒண்ணுமே இல்லன்னீங்க. டெஸ்டரை வெச்சீங்க, லைட் எரியல. உடம்புல சத்து இல்லாம நரம்பு இழுக்குது, டாக்டரைப் பாருன்னீங்க."

அது எனக்கு நினைவு வந்தது. வேலையிலிருந்து வந்த மாலைநேரம். சுவர் காய்ந்திருந்த நேரம். சிரித்தபடி சொல்லியிருந்தேன்.

"டாக்டரைப் பாத்தியா?"

"பாத்தேன். மாத்திரை குடுத்தார். ஒரு மாசம் சாப்பிட்டேன்."

நரம்புக்கு மாத்திரை. என் வீட்டுச் சுவருக்காக என் மனைவி ஒரு மாதம் மாத்திரை விழுங்கியிருக்கிறாள்.

வாளியில் தண்ணீர் பிடித்தேன். சோப்பு டப்பாவின் நுனிகளைச் சாக்கெட்டில் செருகி அதை மைத்துனன் கையில் கொடுத்தேன். குவளையால் மொண்டு, கம்பி பதித்த சுவரில், அது நனையும்படி, நாலைந்து தரம் ஊற்றினேன்.

"இருநூறுக்கு மேல," என்று படித்தான் மைத்துனன். "இருநூறுக்கு மேல. நூத்திப் பத்து." அவன் குரல் மாறியது. "நாப்பது. ஆறு. மாமா... ஒண்ணு. பாயின்ட் மூணு."

அதன் பிறகு அவன் படிக்கவில்லை. நானே போய்ப் பார்த்தேன். 0.01. செங்கல் காலையில் சொன்ன அதே எண்ணை, சோப்பு டப்பா ஓர் இம்மியும் மாற்றாமல் சொன்னது. இரண்டு கருவியும் உண்மை பேசியிருந்தன. ஈரத்தில் ஒன்றையும் காய்ந்தபின் ஒன்றையும் வைத்துப் பார்த்து எது நல்ல கருவி என்று தேர்ந்தெடுக்கத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

கூடத்தில் மகள் ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கம்பியில்தான் அவள் துண்டும் தொங்குகிறது.  குளியலறைப் படியிலேயே உட்கார்ந்தேன்.

பயம் எவ்வளவு வேகமாகக் கோபமாக மாறிவிடுகிறது என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"இது நீ போட்ட லைன்," என்றேன் மைத்துனனிடம்.

அவன் முகம் வெளுத்தது. "நான் போட்டதுதான் மாமா."

"உன் அக்கா செத்திருப்பா. பாப்பா செத்திருப்பா. ஸ்லீவு மாட்டத் தெரிஞ்சா ஆச்சா? வயர் பைப்பு எங்க போகுதுன்னு தெரிய வேணாமா?"

"மெதுவா," என்றாள் மனைவி.

அவன் எதிர்த்துப் பேசவில்லை. ஆனால் வேலை தெரிந்தவனுக்குரிய சந்தேகம் அவன் கண்ணில் வந்தது. "லீக் இருந்தா டிரிப் விழுந்திருக்கணுமே மாமா. அதையும் நான்தானே போட்டேன்."

மின்சாரம் எங்காவது கசிந்தால் கண்ணிமைப்பதற்குள் விழுந்து வீட்டையே இருட்டாக்கிவிடும் சுவிட்ச் அது. உயிர் காப்பது அது ஒன்றுதான். அவன் திருப்புளியை எடுத்துக்கொண்டு போர்டுக்குப் போனான். நானும் பின்னால் போனேன். நான்கு ஸ்க்ரூவையும் கழற்றி மூடியை எடுத்தான். எடுத்தவன் மூடியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். ஒரு நிமிடம் பேசாமல் இருந்தாலே தலை வலிக்கிறது என்பவன் அவன்.

உள்ளே வயர்கள் வகிடெடுத்துச் சீவியதுபோல் இருந்தன. ஒவ்வொரு முனையிலும் ஓர் உறை. நடுவே ஒரு சிவப்பு வயரும் அதன் கறுப்பு ஜோடியும் மட்டும் இடத்தை விட்டு எழும்பி, டிரிப் சுவிட்சைத் தாண்டிப் போய், நேரே மெயினோடு சேர்ந்திருந்தன. குளியலறை லைன். அதன் இணைப்பில் உறை இல்லை. இரண்டு முறுக்கு. ஒரு மடக்கு. கறுப்பு டேப்.

ஒருவர் முறுக்கிய வயரை எங்கள் தொழிலில் யாரும் மாற்றி அடையாளம் சொல்ல மாட்டார்கள். அது கையெழுத்து.

மழைக்காலத்தின் ஆரம்பத்தில் மகள் தனக்கென்று துண்டு போட ஒரு கம்பி கேட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சுவரைத் துளைத்து மாட்டிக்கொடுத்தேன். கையில் நீள ஸ்க்ரூதான் இருந்தது. பரவாயில்லை, உறுதியாக நிற்கும் என்று அதையே முடுக்கினேன். அந்த வாரத்திலேயே டிரிப் மூன்று தரம் விழுந்தது. மூன்று தரமும் மனைவி போன் செய்தாள். மூன்றாவது தரம் நான் ஓர் ஏணியின் உச்சியில் இருந்தேன். எரிச்சலோடு வீட்டுக்கு வந்தேன். குளியலறை லைன்தான் விழவைக்கிறது என்று கண்டுபிடித்தேன். இப்போதைக்கு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை நிதானமாகப் பார்ப்போம் என்று அந்த லைனை மட்டும் டிரிப்பைத் தாண்டிக் கட்டிவிட்டுப் போனேன். பிறகு அந்த ஞாயிறு வந்தது. அதற்கப்புறம் எத்தனையோ ஞாயிறு வந்தன.

மறந்துவிட்டேன். இதைவிட நல்ல காரணம் ஏதாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை.

கம்பி, டிரிப், மீட்டர், டாக்டர். நான்கிலும் என் கைதான். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்க எனக்கு ஐந்து மாதமும் இரண்டு கருவியும் தேவைப்பட்டிருக்கின்றன.

மனைவி பின்னால் வந்து நின்றாள். "என்னடா தம்பி, என்ன ஆச்சு?"

மைத்துனன் என்னைப் பார்த்தான். பிறகு மூடியை அரைவாசி மூடினான். "ஒண்ணுமில்லக்கா. அப்ப அவசரத்துல... நான்தான் ஒரு வயரை மாத்திக் கட்டிட்டேன் போல. என் தப்புதான்."

அவனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. காது மடல் சிவந்துவிடும். ஆனால் அவள் நம்பினாள். ஏற்கெனவே நம்பியிருந்தாள்.

"நினைச்சேன்டா," என்றாள். "உன் வேலையிலதான் ஏதோ குறைன்னு நினைச்சேன். அதான் ரெண்டாவது தரம் இவர்கிட்ட சொல்லல. சொன்னா உன்னைத் திட்டுவாரு. வேலையை விட்டே அனுப்பிடுவாரோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்."

அந்த இடத்தில் நான் பேசாமல் இருந்திருக்கலாம். பேசாமல் இருப்பதில் எனக்கு இணை கிடையாது, ஊரே சொல்லும். மைத்துனன் அதை ஒருபோதும் வெளியே விடமாட்டான். இன்னும் ஒரு மணி நேரத்தில் வயரை மாற்றிக் கட்டிவிட்டால், அந்தக் கறுப்பு டேப்பும் குப்பைக்குப் போய்விடும். அவர்கள் இருவரும் என் முன்னால் நின்றார்கள். ஒருத்தி தம்பியைக் காப்பாற்றுவதற்காக ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டவள். இன்னொருவன் என்னைக் காப்பாற்ற இப்போது வாயைத் திறந்தவன். 

"அவன் இல்ல," என்றேன். "நான்."

"மாமா..."

"நீ சும்மா இரு மாப்ள." மூடியை வாங்கி ஓரமாக வைத்தேன். அந்தச் சிவப்பு வயரைக் காட்டினேன். "இது நான் கட்டினது. டிரிப் அடிக்கடி விழுந்துச்சே, அப்ப."

அவள் போர்டை உற்றுப் பார்த்தாள். அதில் அவளுக்கு எதுவும் புரிந்திருக்காது. "மூணு தரம் விழுந்துச்சு," என்றாள் மெதுவாக.

"ஆமா."

"அப்புறம் விழவே இல்ல. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னு நினைச்சேன்."

"சரி பண்ணல. அது கத்துச்சு, நான் அது வாயைக் கட்டிட்டேன். கம்பி மாட்டினதும் நான்தான். ஸ்க்ரூ போய் வயரை உரசியிருக்கு. உன் தம்பி போட்ட வேலையில ஒரு குறையும் இல்ல."

அவள் தோளில் கிடந்த ஈரத் துணிகளை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனாள். துணியை உதறும் சத்தம் கேட்டது. ஒவ்வொன்றாக, நிதானமாக.

மைத்துனனும் நானும் கம்பியைக் கழற்றினோம். வெளியே வந்த ஸ்க்ரூ என் நடுவிரல் நீளம் இருந்தது. நுனி கறுத்திருந்தது. சுவர் ஓடுகளை உடைத்து, வயர் போகும் பைப்பை அறுத்துப் பார்த்தோம். ஸ்க்ரூ பைப்பைத் துளைத்திருந்ததே தவிர, வயரைத் துளைக்கவில்லை. பக்கவாட்டில் உரசிக்கொண்டு போயிருந்தது. சிவப்பு உறையில் நகத்தால் கீறியதுபோல் ஒரு கோடு. அந்தக் கோட்டின் அடியில், நன்றாகக் குனிந்து பார்த்தால் மட்டும், செம்பு தெரிந்தது. காய்ந்திருக்கும்போது அதற்கும் ஸ்க்ரூவுக்கும் நடுவே கொஞ்சம் காற்று. நனைந்துவிட்டால் அந்தக் காற்றும் இல்லை.

"கோடு இன்னும் கொஞ்சம் ஆழமா விழுந்திருந்தா..." என்று ஆரம்பித்தான் மைத்துனன்.

"தெரியும்."

"இல்ல மாமா, நான் என்ன சொல்றேன்னா..."

"தெரியும் மாப்ள."

புது வயர் இழுத்தோம். லைனை டிரிப்புக்குக் கீழே கொண்டுவந்தோம். முனையில் அவனிடமிருந்து ஓர் உறை வாங்கி நானே மாட்டினேன். அவன் அதைப் பார்த்தும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. சுவரைப் பூசி, கம்பியைத் திரும்ப மாட்டாமல் விட்டோம். வெளிச்சம் மங்குவதற்குள் எல்லாம் முடிந்தது. பூச்சு படாத இடங்களில் தண்ணீரை ஊற்றி இரண்டு கருவியாலும் அளந்தேன். இருநூறுக்கு மேல். டிரிப்பின் சோதனைப் பொத்தானை அழுத்தினேன். டக்கென்று விழுந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஐந்து மாதம் ஆகிறது.

அவளைக் கூப்பிட்டு வந்து காட்டினேன். "பாரு, ஈரத்துலயும் இருநூறுக்கு மேல. இனிமே பயப்பட ஒண்ணுமில்ல."

அவள் எண்ணைப் பார்த்தாள். பிறகு பூசிய இடத்தைப் பார்த்தாள்.

"பாப்பாவுக்கு ஒரு நாள்கூட இழுக்கல," என்றாள்.

"எப்பிடி?" என்றான் மைத்துனன். "கம்பியே அவளுக்குத்தானே மாட்டினது?"

"அவளை விடமாட்டேன். காலைல முதல்ல நான் குளிப்பேன். குளிச்சு முடிச்சுட்டு, சுவரைத் துணியால ஒத்தி எடுப்பேன். அப்புறம் கம்பியைத் தொட்டுப் பாப்பேன். இழுத்தா இன்னொரு தரம் தொடைப்பேன். இழுக்காம இருந்தாத்தான் அவளைக் கூப்பிடுவேன். அவ குளிச்சதும் துண்டையும் நானே எடுத்துக் குடுப்பேன்."

"தினமுமா?"

"தினமும்தான்." அவள் வலது கையைத் திருப்பி, விரல்களின் பின்புறத்தைக் காட்டினாள். "இந்தப் பக்கத்தால தொடணும். உள்ளங்கையால தொட்டா கை புடிச்சிக்கும், புறங்கைன்னா தானா விலகிடும். நீங்கதானே ஒரு தரம் தம்பிக்குச் சொல்லிக்கிட்டு இருந்தீங்க."

மைத்துனன் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே போனான். வாசல் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

ஐந்து மாதம். நூற்றைம்பது காலைகள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்த, ஷூ மாட்டிக்கொண்டிருந்த காலைகள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் நனைந்த காலோடு நின்று, மின்சாரம் இருக்கிறதா என்று தன் கையை வைத்து அளந்திருக்கிறாள். மன்னித்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தச் சொல்லை வைத்து எந்த மூலையை மூடுவது என்று தெரியவில்லை.  பிறகு, "சாப்பிட வாங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் அவளுக்கு முன்னால் எழுந்தேன். குளியலறையில் பூசிய இடம் ஒரு பிளாஸ்டிக் தாளால் மூடியிருந்தது. மற்ற இடத்தையெல்லாம் நனைத்து, மெயினை இறக்கி, ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கி, செங்கல்லால் அளந்தேன். அதைத்தான் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்திருந்தேன். கரண்ட் இருக்கும் லைனில் கை வைத்தால் கத்துகிற ஒன்று இந்த வீட்டில் இருக்கட்டும். இருநூறுக்கு மேல். மெயினை ஏற்றினேன்.

அவள் வந்தாள். கருவியை நீட்டி எண்ணைக் காட்டினேன்.

"சரி," என்றாள். "தள்ளுங்க."

உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்டாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நின்றது. சிறிது நேரம் கழித்துக் கதவைத் திறந்தாள். ஈரக் கூந்தலைத் துணியில் சுற்றியிருந்தாள். நான் வாசலிலேயே நிற்பதைப் பார்த்தும் பார்க்காததுபோல் திரும்பி, கையில் வைத்திருந்த பழந்துணியால் சுவரை மேலிருந்து கீழ்வரை ஒத்தி எடுத்தாள். துணியைப் பிழிந்தாள். மறுபடி ஒத்தினாள். சாக்கெட்டுக்குக் கீழே, குழாயின் மேலே, சன்னல் கம்பியின் மேலே என்று ஒவ்வோர் இடமாகப் புறங்கையை வைத்து எடுத்தாள். எங்கும் கை விலகவில்லை.

அதன் பிறகுதான் மகளைக் கூப்பிட்டாள்.